பல்செட் இல்லாமல் பெரியப்பா சொன்னது

பெரியப்பா எப்பராமா, நான் வேலை செய்யும் பல் மருத்துவமனைக்கு வந்த காலையில் முன்மேசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய பல்செட் இரண்டாக உடைந்து கிடந்தது.

"மெரெதேனி, இதை ஒட்டிக் குடு. தனிக்கிழமைக்குள்ள வேணும்."

என் பெயர் மெரெசேனி. முன்பற்கள் இல்லாமல் அவருக்குச் 'ச' வராது, 'த'தான் வரும்.

நோயாளிகள் உட்காரும் வாங்கில் உனைசி சின்னம்மா கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சந்தையில் மரவள்ளி விற்பவள். பெரியப்பாவின் மாமன் மகள். முறை இருப்பதால் அவரைக் கிண்டல் செய்யும் உரிமை அவளுக்குப் பிறப்பிலேயே வந்தது. பல்வலி அதைக் குறைக்கவில்லை.

"என்ன மச்சான், வாயில இருக்க வேண்டியது துணியில இருக்கு? யாரையாவது கடிச்சுட்டியா?"

"வாயை மூடு, உனைதி."

"மூடத்தான் வந்திருக்கேன். மூடினா வலிக்குது, திறந்தா உன்மேல விழுது. நான் என்ன பண்ண?"

"எப்படி உடைஞ்சது பெரியப்பா?" என்று கேட்டேன்.

"கீழ விழுந்துட்டுது."

உடைந்த ஓரத்தில் மண் அப்பியிருந்தது. ரப்பர் செருப்பின் வரிகள் அதில் தெளிவாகப் பதிந்திருந்தன. கைக்குட்டையை அவர் பக்கம் தள்ளினேன்.

"இதை இங்க ஒட்ட முடியாது. லௌதோக்கா லேபுக்கு அனுப்பணும். ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா! தனிக்கிழமை வைதாக்கே வீட்டு ஆளுங்க வர்றாங்க!"

வைசாக்கே அவருடைய மருமகன். எங்கள் வழக்கப்படி அவன் வீட்டார் திமிங்கலப் பல்லோடு வருவார்கள். மன்னிப்புக் கேட்டு, நடந்ததைப் புதைத்துவிட்டு, பெரியப்பாவின் மகள் அரியெத்தாவைத் திரும்பக் கூட்டிப் போவார்கள்.

"மறுபடியுமா?" என்றாள் சின்னம்மா. "போன தடவை கொண்டாந்ததே இன்னும் உன் வீட்டுச் சுவத்துல தொங்குது. பொண்ணு வாயில ஒரு பல்லு போனா உன் சுவத்துல ஒரு பல்லு ஏறுது. நல்ல யாவாரம் மச்சான்."

"இது குடும்ப விதயம். உனக்குப் புரியாது. உனக்கும் தேர்த்து ஒரு வக்கதலா தொல்றேன், கேளு…"

வாங்கு முழுவதும் சிரித்தது. வீங்கிய வாயோடு வந்திருந்த ஒரு கிழவர்கூட வலியில் முனகிக்கொண்டே சிரித்தார்.

'சலா' என்றால் எங்கள் தீவு மொழியில் பாதை. ஒருவருக்குப் பாதை போட்டுக்கொடுப்பதுதான் 'வக்கசலா', அதாவது அறிவுரை. 'தலா' என்றால் தப்பு. நூறு கல்யாணங்களில் எழுந்து நின்று வக்கசலா சொன்ன மனிதர், கேளு, உன்னைத் தப்பில் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

"சொல்லு மச்சான், சொல்லு," என்றாள் சின்னம்மா. "இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் சரியாச் சொல்றே."

பெரியப்பா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"பார்த்தியா? தனிக்கிழமையும் இப்படித்தான் திரிப்பாங்க. நான் பேதலேன்னா யாரு பேதுவா? ஏதாவது பண்ணு. ஒரு பொண்ணோட வாழ்க்கை இதுல இருக்கு."

அது உண்மைதான். பல்செட் சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் அவர் பேசுவார். அவர் பேசினால் அரியெத்தா அக்கா திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

"கேட்டுப் பார்க்கிறேன் பெரியப்பா," என்றேன். கையுறை மாட்டிக்கொண்டு இரண்டு துண்டுகளையும் எடுத்தேன். அண்ணத்துப் பக்கத்தில் பழைய மரவள்ளி மாவு வெள்ளைப் பசையாக ஒட்டியிருந்தது. நான் தினமும் பிறர் வாயைப் பார்ப்பவள். சீழும் இரத்தமும் எனக்குப் பழக்கம். அந்தப் பசையை மட்டும் பார்க்காமல் துண்டுகளைப் பையில் போட்டேன்.

*

பெரியப்பா முப்பது வருடம் அரசாங்கக் கிரேடர் ஓட்டியவர். மழைக்காலம் முடிந்ததும் ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலை நெடுகப் பள்ளமாகக் கிடக்கும். அந்த மஞ்சள் வண்டியில் உயரமாக உட்கார்ந்து, கீழே உள்ள இரும்புத் தகட்டால் மண்ணைச் சீவிச் சமப்படுத்திக்கொண்டு வருவார். பிள்ளைகள் பின்னால் ஓடுவோம். "இரும்பாலயும் பாதை போடுவேன், வாயாலயும் பாதை போடுவேன்," என்பது அவரே தன்னைப் பற்றிச் சொல்லும் சிலேடை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிவிட்டு, நாம் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

வாலிபத்தில் பழைய வண்டி ஒன்றைக் கைப்பிடி சுற்றிக் கிளப்பும்போது அது திருப்பி அடித்து அவருடைய மேல்வரிசை முன்பற்களைக் கொண்டுபோனது. பல்செட் அதற்குப் பிறகு வந்தது.

அந்தப் பல்செட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. யங்கோனா வேர்ச்சாறு குடிக்கும்போது அதைக் கழற்றிவிடுவார். நாக்கு மரத்துப் போனால் அது வழுக்குமாம். எச்சிலோடு சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பையில் ஈரம் வட்டமாகப் பரவும். சுற்று முடிந்து எல்லோரும் களைத்து மௌனமாகும் நேரத்தில் அதை வெளியே எடுப்பார். ஒட்டியிருக்கும் புகையிலைத் தூளை ஊதுவார். சிரட்டையில் மிஞ்சிய யங்கோனாவில் ஒருமுறை அலசுவார். அதே சிரட்டையில் அடுத்தவர் குடிக்க வேண்டும். பிறகு வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

அந்த 'டக்' கேட்டதும் அனுபவம் உள்ளவர்கள் கால் மாற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அறிவுரை வரப்போகிறது.

பள்ளியில் எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு இலக்கண விதி சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலத்தில் அறிவுரையை எண்ண முடியாதாம். ஒரு அறிவுரை, இரண்டு அறிவுரை என்று சொன்னால் பிழையாம். பெரியப்பாவின் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்த யாரோதான் அந்த விதியைச் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பரீட்சையில் தோற்ற பிள்ளைக்குச் சொல்வார். புருசனைப் புதைத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்குக் கூரைத்தகடு எங்கே வாங்குவது என்று வழியிலேயே சொல்வார். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது என்னைப் பாயில் உட்கார வைத்து நெடுநேரம் பேசினார். முடிவாக, "வெள்ளைக் கோட்டு போட்டவங்ககிட்ட பல்லைக் காட்டாதே," என்றார். பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறவளுக்கு.

ஊரில் அவருக்கு நல்ல பெயர். கல்யாணம் பேசும்போதே "எப்பராமாவைக் கூப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவர் சொல்வதை யாராவது செய்து நன்மை அடைந்தார்களா என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. குரல் நன்றாக இருக்கும். நடுவில் நிறுத்துவார், பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அவ்வளவு போதும். கேட்டவர்களுக்குத் தாங்களே ஏதோ நல்லது செய்துவிட்ட நிம்மதி. பிறகு சாப்பிடப் போவார்கள். இதைத்தான் நான் அவரைவிட அதிகமாக வெறுத்தேன்.

அவரை எனக்குப் பிடித்திருந்த காலம் ஒன்று உண்டு. பெரியம்மா லித்தியாவுக்குச் சர்க்கரை நோயில் கால் எடுத்துவிட்டார்கள். சாகும்வரை அவரே அவளைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் குளிப்பாட்டினார். கல்லில் உட்கார வைத்து முதுகு தேய்த்துவிடுவார். அந்த மாதங்களில் பல்செட் ஜன்னல் விளிம்பில் தூசி படிந்து கிடந்தது. அவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மாவைப் புதைத்த அன்று மாலையே 'டக்' சத்தம் கேட்டது.

*

அரியெத்தா அவருடைய கடைசி மகள். எனக்கு மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடற்கரை ஊரில் வைசாக்கேக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒரு ஹோட்டலில் காவல்காரன். பார்க்க அமைதியான ஆள். தேவாலயத்தில் நன்றாகப் பாடுவான்.

முதல் தடவை அவள் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் கறுத்த தடம் இருந்தது. சில நாளில் அவன் வீட்டார் திமிங்கலப் பல்லோடு வந்தார்கள். பெரியப்பா வாங்கிக்கொண்டார். பிறகு 'டக்'.

வைசாக்கேக்கு ஒரே வரிதான் சொன்னார்: "மாப்பிள்ளை, கையைக் கொஞ்சம் பார்த்துக்க." மீதி எல்லாம் அவளுக்கு. சோறு நேரத்துக்கு வைத்தாயா, அவன் களைத்து வரும்போது எதிரே நின்றாயா, மாமியாரிடம் குரலை உயர்த்தினாயா என்று ஒவ்வொன்றாக. "பொறு," என்றார் கடைசியில். தாங்கிக்கொள்வதற்கும் மன்னிப்பதற்கும் எங்கள் மொழியிலும் ஒரே சொல்தான். எதைச் செய்யச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவள் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

இரண்டாம் தடவை அவள் வீட்டுக்கு வரவில்லை. நேராக மருத்துவமனைக்கு வந்தாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முன்பல் பாதியில் முறிந்திருந்தது. மருத்துவர் வேரைப் பிடுங்கும்போது நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரப்பு ஊசி போட்ட வாயோடு கண்ணாடி கேட்டாள். பார்த்தாள்.

"அப்பா மாதிரியே ஆயிட்டேன்," என்றாள்.

நான்தான் அவளை ஊருக்குக் கூட்டிப்போனேன். பெரியப்பா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் ஒரு கணம் நம்பினேன். அவர் உள்ளே போய்ப் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். தன்னுடைய பழைய பல்செட்டை அதிலிருந்து எடுத்தார். சட்டையில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"சும்மாத்தான் கிடக்கு. போட்டுப் பாரு. பல்லு போனா என்ன? எனக்கும்தான் போச்சு. நான் வாழலையா? பொறுமையா இருந்தா எல்லாம் பொருந்தும்."

மஞ்சள் பூத்து, ஓரத்தில் பாசிபோலக் கறை பிடித்த அந்தப் பொருள் அவளுடைய தைத்த வாய்க்கு எதிரே இருந்தது. நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவள் அதைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

அவர் மருத்துவமனைக்கு உடைந்த பல்செட்டோடு வந்த அன்று மாலை அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா அங்க வந்தாரா?"

"வந்தார். கீழ விழுந்ததுன்னார்."

"கழுவிட்டுக் குழாயடியில வச்சிருந்தார். தெரியாம மிதிச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ரெண்டு தடவை."

"பழசு இருக்கே?"

"அது கக்கூஸ் குழியில."

லௌதோக்காவுக்குப் போன் செய்தேன். இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். சரி என்றேன்.

*

சனிக்கிழமை மதியம் வைசாக்கே வீட்டார் வந்தார்கள். பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வைசாக்கே இஸ்திரி போட்ட சட்டையில் தலையைக் குனிந்திருந்தான். அவனுடைய பெரிய மாமா திமிங்கலப் பல்லின் கயிற்றை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு அழகாகப் பேசினார். பெண்கள் கதவோரம் இருந்தோம். அரியெத்தா அக்கா எனக்கும் உனைசி சின்னம்மாவுக்கும் நடுவில். வரும்போதே சின்னம்மா அவள் காதில், "உடைஞ்ச பல்லுக்கு மாத்துப் பல்லு கொண்டாந்திருக்காங்க. வாயில பொருந்துமான்னு கேளுடி," என்றிருந்தாள். அக்கா சிரிக்கவில்லை.

என் அப்பா பெரியப்பாவிடம் மெதுவாக, "அண்ணா, நான் பேசட்டுமா?" என்று கேட்டார். பெரியப்பா அவரைப் பார்க்கவே இல்லை. திமிங்கலப் பல்லை வாங்கி, சடங்காக முகர்ந்து மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

அவர் மடையரல்ல. அந்தச் 'சலா'வைத் தொடாமலே பேசிமுடித்துவிடத் திட்டம் போட்டிருந்தார். முதலில், "என் மகளுக்கு நான் ஒரு கட்டளை கொடுக்கிறேன்," என்றார். வைசாக்கேயின் மாமா சட்டென்று நிமிர்ந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கட்டளை கொடுக்கும் உரிமை இனி அவர்கள் வீட்டுக்குத்தான். திமிங்கலப் பல்லை மடியில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா? பெரியப்பா கையை ஆட்டி அதைத் திருத்தினார். "கட்டளை இல்லை. ஒரு பிரதங்கம்." மூலையில் இருந்த தேவாலயப் பொறுப்பாளர் இருமினார். பிரசங்கம் அவருடையது, மேடையில் நின்று செய்வது. இரண்டு சொற்களும் தீர்ந்துபோயின. மிஞ்சியது ஒன்றுதான்.

அவர் நெற்றி வியர்த்தது.

"அரியெத்தா," என்றார். அந்தப் பழைய நல்ல குரல் அப்படியே வந்தது. "இது நான் உனக்குப் போட்ட தலா. உன் அப்பனோட தலா. அன்னிக்கும் இதைத்தான் போட்டேன். இன்னிக்கும் எல்லார் முன்னாலயும் இதையே உன் முன்னால வைக்கிறேன்."

இது நான் உனக்குச் செய்த தப்பு. உன் அப்பனுடைய தப்பு. அன்றைக்கும் இதைத்தான் செய்தேன்.

யாரோ மூக்கால் சிரித்தார்கள். பின்வரிசைத் தோள்கள் குலுங்கின. ஒரு பெண் சேலை உடுத்தியிருந்தால் முந்தானையை வாயில் திணித்திருப்பாள். எங்களிடம் அது இல்லாததால் பக்கத்துப் பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் குவித்துத் தட்டினாள். மெதுவாக, ஆழமான ஓசையோடு. மன்னிப்பை ஏற்றுக்கொள்பவர் தட்டுவது அப்படித்தான். அந்த ஓசை எழுந்தால் நடந்தது புதைந்துவிட்டது என்று பொருள். பிறகு அதை யாரும் தோண்டக்கூடாது.

"அப்பா," என்றாள். "உங்க தப்பை நீங்களே எடுத்து வச்சுட்டீங்க. ஏத்துக்கிட்டேன். இதோட புதைஞ்சு போகட்டும்."

சிரிப்பு நின்றது.

"தலா இல்ல!" என்றார் பெரியப்பா. "நான் தொன்னது தலா இல்ல. தலா!"

"அதான் மச்சான்," என்றாள் சின்னம்மா. "கேட்டுடுச்சு." அவளும் கைகளைக் குவித்துத் தட்டினாள். அவளுக்குப் பிறகு என் அம்மா. பிறகு கதவோரம் இருந்த பெண்கள் எல்லோரும். நானும்.

"தலா இல்ல! தலா! தலா!" எச்சில் அவர் தாடையில் வழிந்து திமிங்கலப் பல்லின்மேல் சொட்டியது.

வைசாக்கேயின் மாமா சுற்றிலும் பார்த்தார். "அப்போ… பொண்ணை அனுப்பறீங்களா இல்லையா?"

"நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள் சின்னம்மா. "தப்புன்னு பெத்தவரே சபையில ஒத்துக்கிட்டார். தெரிஞ்சே தப்புல தள்ளுவாங்களா ஒரு பொண்ணை?"

அண்ணனுக்கு எதிரே ஒருநாளும் வாய் திறக்காத என் அப்பா எழுந்தார். பெரியப்பாவின் மடியிலிருந்து திமிங்கலப் பல்லை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சுலுத் துணியில் துடைத்தார். பாயின்மேல் வைத்து அவர்கள் பக்கம் மெதுவாகத் தள்ளினார். வைசாக்கே முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். அந்த அமைதியான முகத்தை அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். அவன் கண்கள் அக்காவைத் தேடின. நான் அவளுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் போன பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் குழைத்து வழித்துக்கொண்டே, அவன் சரியில்லை என்று தங்களுக்கு முதலிலேயே தெரியும் என்றார்கள். முதல் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை வண்டியில் ஏற்றிவிட்ட அதே பெண்கள்.

*

அக்கா இப்போது நகரத்தில் ஒரு பள்ளி விடுதியில் சமைக்கிறாள். பல் வைத்துக்கொள்ளவில்லை. இடைவெளியோடுதான் சிரிக்கிறாள். 'ச' சொல்லும்போது சின்னதாக ஒரு விசில் வருகிறது. பெரியப்பா இருமுறை விடுதி வாசலுக்குப் போய் நின்றாராம். அவள் வெளியே வரவில்லை.

லௌதோக்காவிலிருந்து பல்செட் வந்தது. சொல்லி அனுப்பினேன். அடுத்த பேருந்திலேயே வந்துவிட்டார். உறையைப் பிரித்து, கழுவக்கூட இல்லாமல் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். 'டக்'. நாக்கால் ஒருமுறை துழாவினார்.

"சலா," என்றார். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சலா. சலா. வக்கசலா."

முகம் மலர்ந்தது. மேசைமேல் குனிந்தார். வாய்நாற்றம் என் முகத்தில் பட்டது.

"மெரெசேனி, நீ ரெண்டு மொழி படிச்சவ. அரியெத்தா உன்கிட்டதான் பேசறா. அவகிட்டப் போய் ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா. அன்னிக்கு நான் சொன்னது 'சலா'ன்னு சொல்லு. எழுத்தே வேறன்னு எழுதிக் காட்டு. தப்புன்னு நான் சொல்லவே இல்லைன்னு அவளுக்குப் புரியற மாதிரி சொல்லு."